நாலு நாளாய் ஓடாத ஃபங்ஷன்

“ஒரு வரியை மாத்தினா தானா ஓடணும். நாலு நாளா ஓடல! நீயெல்லாம் பன்னெண்டு வருஷ சர்வீசாய்யா?”

மேனேஜர் ரகுநாதன் போட்ட சத்தம் மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். எதிரே கார்த்திகேசன் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

“அது வந்து சார்... பாத்துட்டுதான் இருக்கேன்...”

விஷயம் இதுதான். ஊழியர் டேட்டாபேஸில் ஒருவர் பெயருக்கு எதிரே ‘பணியில்’ என்பது ‘விலகல்’ என்று மாறினால் போதும். க்ளவுடில் தூங்கும் ‘ஃபங்ஷன்’ என்கிற குட்டி புரோகிராம் துள்ளி எழும். கேட் கார்டு செத்துவிடும், மெயில் மூடிக்கொள்ளும், இன்சூரன்ஸ் ரத்தாகும். மனுஷக் கை படவே வேண்டாம்.

திங்கட்கிழமை பாபுவை வேலையை விட்டு அனுப்பியது ஹெட் ஆபீஸ். டேட்டாபேஸிலும் மாற்றியாயிற்று. ஃபங்ஷன்தான் அசையவில்லை.

கேன்டீனில் டிரெய்னி சபீனா, கார்த்திகேசன் மாதிரியே தலையைச் சொறிந்தாள். “அது வந்து சார்... க்ளவுடுல மப்பு போட்டுகினு கீது சார்...”

கூட டீ குடித்துக்கொண்டிருந்த தோழி ரேணுகாவுக்குப் புரையேறியது. “அடியே, அங்க பாரு, மேனேஜர் உன்னைத்தான் கூப்பிடறாரு!”

ரகுநாதன் நேராக விஷயத்துக்கு வந்தார். “இனிமே இதை நீ பாரும்மா. சாயங்காலத்துக்குள்ள ஓட வச்சா, உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்.”

சபீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்தே நிமிஷம், பிடித்துவிட்டாள். பழுதே இல்லை. யாரோ ஆஃப் பண்ணி வைத்திருக்கிறார்கள். பண்ணியவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது.

“கார்த்தி அண்ணே, மாட்னீங்களா! நீங்களே ஆஃப் பண்ணிட்டு, நாலு நாளா இன்னாத்த பாக்கறீங்க?”

கார்த்திகேசன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெதுவா பேசும்மா. பாபு குழந்தை குறைமாசத்துல பொறந்து, ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமைதான் டிஸ்சார்ஜ். முன்னல்லாம் ஃபைல் மேசை மேசையா தூங்கும், மனுஷன் மூச்சு விட நேரம் இருக்கும். இது கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள இன்சூரன்ஸை வெட்டிடும்.”

சபீனா திரைப் பக்கம் திரும்பினாள்.

“ஆன் பண்றதுன்னா பண்ணிக்கோ. உன் வேலையாச்சே, நான் தடுக்க மாட்டேன்.”

அவள் விரல் மவுஸ் மேலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு எழுந்தாள்.

மேனேஜர் அறையில் ஹெட் ஆபீஸ் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தது.

“என்னாலயும் முடியல சார்,” என்றாள் தலையைக் குனிந்தபடி.

“கேட்டீங்களா சார்? எல்லாம் தண்டம்! உருப்படாத டீம்!” என்று போனுக்குள் உறுமிவிட்டு வைத்தார் ரகுநாதன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்பாடா! எங்க சரி பண்ணித் தொலைச்சிடுவியோன்னு பயந்துட்டேன். நாளைக்கு பாபு குழந்தை நல்லபடியா வீடு போய்ச் சேரணுமேம்மா... அதனாலதான், ஆபீஸ்லயே ஒண்ணும் தெரியாத ஆளாப் பாத்து உங்கிட்ட குடுத்தேன்!”