காரிடார் வார்டு

"காரிடாருக்கு மாத்திட்டாங்க அண்ணி" என்று போனில் நாத்தனாரிடம் சொன்னபோது பெயிண்டர் மனைவியின் குரலில் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

பின்னே, ஐசியூவில் கிடந்த மனுஷன். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள், அதையும் ஏதோ பெரிய சலுகை மாதிரி. சாரம் சரிந்து அவர் கீழே விழுந்த நாளிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காகப் படவில்லை.

இன்று காலை நர்ஸ் வந்து, இவரைக் காரிடாருக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள்.

ஐசியூவிலிருந்து வார்டு. வார்டிலிருந்து வீடு. எல்லோரும் அப்படித்தானே வருகிறார்கள்?

வார்டு கொஞ்சம் ஒடுக்கம்தான். நீளத்துக்குக் குறைவில்லை. சுவரோரமாக அவருடைய தள்ளுகட்டில், அதற்கு அப்பால் இன்னும் இரண்டு. போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டே போனார்கள். கட்டினவன் கதவு வைக்க மறந்துவிட்டான் போல.

சுவரில் பட்டி ஒழுங்காகத் தேய்க்காமல் மேடும் பள்ளமுமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கண் விழித்ததும் முதலில் அந்தச் சுவரைத்தான் திட்டுவார். திட்டட்டும். அதைக் கேட்கத்தானே அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

வாயில் வைத்திருந்த குழாயைக்கூட எடுத்துவிட்டார்கள். இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? மூச்சு மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு வந்தது. பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் அறையிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தவள்.

"ஏன்டி, அத்தை கேக்குறாங்க. காரிடார்னா என்ன வார்டு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் இத்தனை நாள் கழித்து வந்திருந்த வெளிச்சத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வார்டு இல்லம்மா. அது... நடக்குறதுக்கு..."

முடிப்பதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"நடக்குறவங்களுக்கா! அதானே பார்த்தேன். சும்மாவா மாத்துவாங்க?"

அம்மா போர்வையை விலக்கினாள். அவருடைய பாதங்களில் நீலப் பெயிண்ட் இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தானையை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். பாதங்கள் ஜில்லென்று இருந்தன. ஃபேன் காற்று, வேறென்ன.

"நிக்காம வீட்டுக்குப் போயி அப்பா செருப்பை எடுத்துட்டு வா. தேஞ்சு போனதைத் தூக்கிட்டு வந்து மானத்தை வாங்காதே. புதுசு இருக்கு பாரு, அது."

மகள் தலையாட்டினாள்.

சற்று முன்னால் டாக்டரிடமும் இப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள், உள்ளே இருக்கிற படுக்கை பிழைக்கக்கூடிய ஒருவருக்கு வேண்டும் என்று அவர் சொன்னபோது.