முன்தேதியிட்ட பாசம்

“புதுசா வந்திருக்கற வாரிசு வரிச் சட்டப்படி, உங்கப்பா செத்தா பாதி சொத்து வரிக்குப் போயிடும்,” என்றார் அப்பாவின் ஆடிட்டர், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

மூத்தவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, இந்த வருடம் தாண்டாது என்று அப்பாவே பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னபோதுகூட அவன் இப்படிப் பதறவில்லை. பக்கத்தில் தங்கை மூக்கை உறிஞ்சினாள். அவளும் அப்பாவுக்காக அழவில்லை.

“உயிரோட இருக்கும்போதே எங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டா?”

“கொடுக்கலாம் தம்பி. ஆனா கொடுத்தவர் அதுக்கப்புறம் ஏழு வருஷம் உயிரோட இருக்கணும். அப்பதான் வரி கிடையாது.”

அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா இன்னும் ஏழு வருடம் இருப்பதில் இரண்டு பேருக்குமே அவ்வளவு ஆர்வம் இல்லை.

ஆடிட்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஏழு வருஷத்துக்கு முன்னாடியே கொடுத்துட்டார்னு பத்திரம் இருந்தா, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது,” என்றார்.

நாலே நாளில் காரியம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது. ஆடிட்டருக்கு வேண்டிய பத்திர எழுத்தர், பழைய முத்திரைத்தாள்களை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார். வீடு, கடை, குடோன் மூன்றையும் ‘பிள்ளைகள் மேல் கொண்ட அளவற்ற பாசத்தினால்’ தானமாகக் கொடுத்ததாக எழுதி, அந்த வருடத்துப் பதிவு அலுவலக முத்திரையையும் போலியாகக் குத்தினார். ஓரங்களில் தேநீரைத் தடவிக் காயவைத்து, நாலாக மடித்து, மடிப்பில் லேசாகக் கிழித்தும் விட்டார். சாட்சியாக, செத்துப்போன மாமா ஒருவரின் கையெழுத்தைப் போட்டார்கள். இருந்தவரைக்கும் அந்த மாமாவை உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாத குடும்பம் அது.

“செத்தவங்க மாதிரி நல்ல சாட்சி கிடையாது. கோர்ட்டுல கூப்பிட்டா வரமாட்டாங்க,” என்றார் எழுத்தர்.

அப்பா என்ன சொல்வாரோ என்றுதான் மூத்தவனுக்கு உதறல். மருந்து மொத்த வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், பெற்ற பிள்ளையிடமே பேரம் பேசுகிறவர். அவரோ தலையணையில் சாய்ந்தபடி ஒரு வரி விடாமல் படித்தார்.

“குடோன் சாவி, உள்ள இருக்கற சரக்கு, எல்லாமே அன்னிக்கே உங்க பொறுப்புக்கு வந்துடுச்சுன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்கடா. பின்னாடி ஒருத்தன் உங்களைக் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க.”

சேர்த்துக்கொண்டு வந்ததும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

“அப்பாவுக்கு இப்பதான் நம்ம மேல பாசம் வந்திருக்கு,” என்றாள் தங்கை வெளியே வந்து.

“சாகற நேரத்துல எல்லாருக்கும் வரும்,” என்றான் மூத்தவன். கிழவர் இவ்வளவு சுலபமாக மடங்கியதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆடிட்டர் ஒன்றை மட்டும் மண்டையில் ஏறும்படி சொல்லி அனுப்பினார். “யார் வந்து கேட்டாலும், நாங்கதான் நடத்தறோம்னு அடிச்சுச் சொல்லணும். கொடுத்த பிறகும் அப்பாவே வச்சு அனுபவிச்சார்னு தெரிஞ்சா, பத்திரமே பொய்னு சொல்லி வரியைப் போட்டுடுவாங்க.”

மறு வாரமே ஒருவர் வந்தார். சாதாரணச் சட்டை, கையில் தோல் பை. அடையாள அட்டையை நீட்டினார். அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றே மூத்தவனுக்குத் தோன்றவில்லை. இந்த ஆளைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தக் குடோன் யாருதுங்க?”

“எங்க ரெண்டு பேருதும். ஏழு வருஷமாச்சு சார்.”

வந்தவர் பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் தலையாட்டிய பிறகுதான் மூத்தவனுக்கு மூச்சு வந்தது.

“பேருக்கு உங்களுது. நடத்தினது உங்கப்பாவா இருக்கலாமில்ல?”

“அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல சார். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. எங்களுக்குத் தெரியாம ஒரு பெட்டி உள்ள போகாது, வெளிய வராது.”

“ஆமா சார். சாவியே எங்ககிட்டதான்,” என்றாள் தங்கை, எங்கே தன் பங்கு குறைந்துவிடுமோ என்று.

“இதை அப்படியே எழுதித் தர முடியுமா?”

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கத்தை ஏமாற்றுவது இவ்வளவு லேசா என்று மூத்தவனுக்கு வாயெல்லாம் பல்.

“அப்ப வரி ஒண்ணும் கட்ட வேண்டியதில்லையே சார்?”

“வரியைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் போலீஸ்,” என்றார் வந்தவர். “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் குடோன்ல போலி இருமல் மருந்தை பாட்டில்ல அடைச்சு வித்திருக்காங்க. குடிச்சதுல ஒன்பது பேர் செத்துப்போனாங்க.”

வாசலில் நின்றிருந்த இரண்டு காவலர்கள் உள்ளே வந்தார்கள்.

“போன மாசம் உங்கப்பாவை விசாரிச்சப்பவே, குடோன் ஏழு வருஷத்துக்கு முன்னாடியே பசங்க கைக்குப் போயிடுச்சுன்னு சொன்னாரு, நாங்கதான் நம்பல,” என்றார் அதிகாரி, பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே.