ஈறில் பட்ட உப்பு

"இன்னொரு தடவை குத்திப் பாருங்க டாக்டரம்மா."

பல் மருத்துவர் ஷாலினியின் கை அப்படியே நின்றது.

மரக்காணத்தில் மாதா கோயில் மண்டபத்தில் இலவசப் பல் முகாம். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாலமன். கண்ணோரம் நீர் வழிந்தது. குத்தச் சொன்னவள் அவன் மனைவி மேரிசெல்வி. உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரை வெள்ளை பூத்திருந்தது.

"லேசா தொட்டதுக்கே துடிக்கிறாரு. பாத்தா தெரியலையாம்மா?"

"நடிப்பா இருக்கும்."

வரிசையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பொன்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி மேரி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இத்தன மாசமா அந்த ஆள வாசப்படி மிதிக்க வுடல. இப்ப குத்தச் சொல்றியா?"

"பேசாதக்கா. இன்னும் வீங்கிடப் போவுது."

நாலு பேர் சிரித்தார்கள். சாலமன் சிரிக்கவில்லை. அவன் துணிப்பை காலடியில் கிடந்தது. வடக்கே லோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இத்தனை மாதம் பாண்டியில் இருந்துவிட்டு காலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினான். "வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டதற்கு, "மொதல்ல பல்லக் காட்டு, அப்புறம் சொல்றேன்" என்று மேரிசெல்வி இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

ஷாலினி மறுபடி குனிந்து பார்த்தாள்.

"ஈறு கீழ எறங்கியிருக்கு. ரெண்டு பல்லு ஆடுது. சுத்தம் பண்ணி, ஒழுங்கா வந்து காட்டினீங்கன்னா காப்பாத்திடலாம். ஆனா இது ரொம்ப நாள் சங்கதி. அப்பவே ஏன் வரல?"

"அப்ப வலிக்கல டாக்டர்."

"இந்த ஈறா? சான்சே இல்ல."

சாலமன் மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கொஞ்சம் கல்லுப்பு.

"இத வச்சுத் தேய்க்கச் சொல்லுங்க."

"புண்ணுலயா? நீங்க மொதல்ல வெளிய போங்கம்மா!"

"குடு," என்று சாலமன் கையை நீட்டினான். ஷாலினி தடுப்பதற்குள் உப்பை ஈறில் வைத்துவிட்டான்.

அடுத்த நொடி நாற்காலியிலிருந்து துள்ளி விழுந்தான். "ஐயோ மாதாவே! உசுரு போவுதுடி!"

மேரிசெல்வி சிரித்தாள். நன்றாக, வாய்விட்டு.

"அடிப் பாவி!" என்றாள் பொன்னம்மாள்.

ஷாலினி அவசரமாக வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "என்னம்மா மனுஷி நீங்க?"

மேரிசெல்வி குனிந்து அவன் துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

"காலு வெடிப்புல உப்பு பட்டா எங்களுக்கே உசுரு போவும் டாக்டரம்மா. போன வருஷம் ஒருநா காலைல, ஈறுல ரத்தம் கொட்டக் கொட்ட, இதே உப்ப வச்சு நறநறன்னு பல்லு வெளக்கிட்டு சும்மா நின்னாரு. எரியலையான்னேன். இல்லன்னாரு. அன்னிக்குத்தான் லாரிய சோதிச்சேன். சீட்டுக்கு அடியில அபினு. அதத் தின்னுட்டுத்தான் வண்டி ஓட்டியிருக்காரு."

ஷாலினி மெல்ல நிமிர்ந்தாள். "அதான் எச்சில் வத்தி, ஈறு கெட்டு... வலியும் தெரியல."

"பாண்டில வைத்தியம் பாத்து அத வுட்டுட்டேன்னாரு. வாயால சொன்னா நம்பிடறதா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள் மேரிசெல்வி.

"இருந்து பல்லப் பாத்துட்டு வீட்டுக்கு வாய்யா. சோத்தக் கொழைய வடிச்சு வைக்கிறேன்."