செவ்வந்தியின் கலர் டிரெஸ்

அந்தப் பள்ளியின் நீலச் சீருடைக்குப் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் பிறந்தநாள் தெரியும். அன்று ஒரு நாள் மட்டும், போட்டிருக்கும் பிள்ளைக்குப் பிடித்த நிறத்துக்கு அது தானாக மாறிவிடும். நான்காம் வகுப்பு செவ்வந்தியின் சீருடை மட்டும் ஒருமுறைகூட மாறியதில்லை. சீக்கிரம் பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் அவள் அம்மா ரேணுகா பிறந்த தேதியை மே பத்து என்று கொடுத்திருந்தாள். மே மாதம் முழுக்க விடுமுறை.

உண்மையான பிறந்தநாளான செப்டம்பர் ஆறாம் தேதி காலையில், அம்மாவைத் தலைமையாசிரியை முன்னால் இழுத்துவந்து நிறுத்தினாள் செவ்வந்தி.

“நான்தான் மிஸ் மாத்திக் குடுத்துட்டேன்,” என்றாள் ரேணுகா, தரையைப் பார்த்தபடி.

“திருத்திடலாம்மா. ஆனா வயசு பத்தாது. மூணாங்கிளாஸ்லதான் உக்காரணும்.”

“ஐயோ, ஒரு வருஷம் போயிடுமேடி!”

“போனாப் போகட்டும்மா. மாத்துங்க மிஸ்!”

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே தேதியைத் திருத்தினார். செவ்வந்தியின் காலரில் துளிர்த்த கிளிப்பச்சை, பாவாடை விளிம்புவரை வழிந்து இறங்கியது.

மூன்றாம் வகுப்பே அவளை வாய்பிளந்து பார்த்தது.

“யாரு வேணும்க்கா?” என்றான் முதல் பெஞ்சுப் பையன்.

“அக்கா இல்லடா, செவ்வந்தி. தள்ளி உக்காரு,” என்று சொல்லி, மகாராணியைப் போல அவன் பக்கத்தில் அமர்ந்தாள்.