புல்வெளியில் புகை

செயின்ட் லூயிஸ் நகரில், அடெல்ஹைடின் ஓவியக்கூடத்தில், ஈரம் காயாத படத்தின்மேல் சாயங்கால வெயில் மினுங்குகிறது. தான் சிறுவயதில் மாட்டுவண்டியில் கடந்த மேற்குப் புல்வெளியை அவளிடம் வரையச் சொல்லியிருந்தார், ஓவியங்கள் சேகரிக்கும் டட்டில். இப்போது தொப்பியைக் கழற்றக்கூட மறந்து நிற்கிறார். படத்தில் ஆற்றோரம் நெடுகப் பழங்குடியினரின் தோல் கூடாரங்கள், அவற்றின்மேல் புகை. "ஆளே இல்லாத பூமின்னுதானே சொன்னேன்?" "நேர்ல போய்ப் பார்த்தேன் ஐயா. கரை பூரா ஜனங்க. எனக்குக் கறி சுட்டுக் குடுத்தாங்க." டட்டில் படத்தை நெருங்கிப் பார்க்கிறார். அந்தச் சிறுவயதுப் பயணத்தில் காய்ச்சலாய்க் கிடந்தபோது ஒரு கை அவருக்குத் தண்ணீர் புகட்டியது. அதில் பித்தளை வளையல்கள் குலுங்கின. அம்மாவின் கை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அம்மா வளையல் போட்டதேயில்லையே. "கூடாரத்தையெல்லாம் அழிச்சிடட்டுமா?" என்கிறாள் அடெல்ஹைட். "ம்" என்கிறார். அவள் படத்தைத் துடைக்கத் துணியை எடுத்ததும், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.