பின்கதவுப் பெட்டி

எல்டன் உள்ளே நுழைந்ததுமே மார்லிஸ் ஓடிப்போய், பின்கதவோரம் இருந்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல் மேசைவிரிப்பை இழுத்துப் போட்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நாளைக்குத்தானே வர்றதாச் சொன்னீங்க?"

"சொன்ன நாள்ல வந்தா எல்லா இடமும் சுத்தமாத்தான் இருக்கும்."

அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், இல்லாதவர்களுக்கு மளிகை கொடுத்து வந்தாள் மார்லிஸ். கறியை உறையவைத்துக் கெடாமல் காக்கப் புது உறைபெட்டி ஒன்று கேட்டு வட்டார அறக்கட்டளைக்கு மனுப் போட்டிருந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள்தான் எல்டன். இன்ஷூரன்ஸ்காரர். சந்தேகப்பட்டே சம்பாதித்தவர்.

"மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கப் போகுது, எல்டன். வேட்டைக்காரங்க சும்மாவே கறி கொடுப்பாங்க. குளிர்காலம் பூரா ஜனங்களுக்கு அதான். பழைய பெட்டி இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டு கெடக்கு. அது நின்னுட்டா, வர்ற கறியை வேண்டாம்னு திருப்பி அனுப்பணும்."

"இந்த ஊர்ல யாருங்க பட்டினி கெடக்கறா? எங்கம்மாவையே எடுத்துக்குங்க, தனியாத்தான் இருக்காங்க. வாராவாரம் ஞாயித்துக்கிழமை மான்கறி ஆக்கி, எனக்கு வயிறு முட்டப் போடறாங்க!"

மார்லிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

முன்பக்கம் வரிசையில் வந்தவர்கள் பெயரைச் சொல்லிப் பெட்டியை வாங்கிப் போனார்கள். எல்டனின் கண் பின்கதவுப் பக்கத்தை விட்டு நகரவில்லை. எழுந்து போய் விரிப்பை விலக்கினார். மாவு, காபித்தூள், ஒரு பொட்டலம் மான்கறி. மேலே பெயர் இல்லை.

"இது யாருக்கு?"

"வரிசையில நிக்கக் கூச்சப்படறவங்க ஒருத்தருக்கு. பேர் சொல்ல மாட்டேன்."

"உங்க அக்காவுக்கா? மச்சானுக்கா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. இன்னிக்குப் போயிட்டு நாளைக்கு வாங்களேன், புண்ணியமாப் போகும்."

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? பேரைச் சொல்லுங்க, உறைபெட்டி உங்களுக்கு. சொல்லலேன்னா, இங்க திருட்டுத்தனம் நடக்குதுன்னு கமிட்டியில சொல்லிடுவேன்."

மார்லிஸின் முகம் வெளிறிப் போனது. அந்த உறைபெட்டிக்காக அவள் ஒரு வருஷமாய் நடையாய் நடந்திருந்தாள்.

"சொல்லிக்குங்க. பேர் மட்டும் என் வாயிலருந்து வராது."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷனிடம் என்ன பேச? அந்த நேரம் பார்த்துப் பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"சிக்கிட்டாங்க!" என்று எல்டன் பெட்டியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். மார்லிஸ் குறுக்கே வந்தாள். அவளை ஒதுக்கிவிட்டுக் கதவை அகலத் திறந்தார்.

வெளியே பனிக்காற்றில் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் காலிப் பையோடு, அவருடைய அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மகன் இடுப்பிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"உனக்கும் கஷ்டமாடா எல்டன்? அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"