குட்டைக் கழி

ஸாவ் அக்காவின் கழி உச்சியில் ஒரு பரங்கிக்காய் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க, இந்தப் பொம்பள வேலையை."

என் கணவர் தியன் படகுக் கூரைக்கு வெளியே தலையை நீட்டினார். "அது சர்க்கரைவள்ளிதானே விக்கும்?"

"நேத்து வரைக்கும். இன்னிக்கு நம்ம பொழப்புல கை வெக்குது."

எங்கள் ஆற்றுச் சந்தையில் கடையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. படகில் ஒரு மூங்கில் கழியை நட்டு, விற்கிற பொருளில் ஒன்றை அதில் கட்டுவோம். வாங்குகிறவர்கள் தூரத்திலேயே கழியைப் பார்த்துப் படகைத் திருப்புவார்கள். இல்லாததைக் கட்டுவது அசிங்கம். தென்னங்கீற்றைக் கட்டினால் மட்டும் அர்த்தமே வேறு: படகே விற்பனைக்கு.

அந்தக் கீற்று எங்கள் கூரையில் தயாராகச் செருகியிருந்தது.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. என் மகள் நூவுக்கு அப்போது பத்து மாதம். ஆற்றில் விழுந்துவிடாமல் இருக்க அவள் இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை என் காலில். அவள் இழுத்த இழுப்பு இன்னும் என் கணுக்காலில் இருக்கிறது.

எங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்து ஒன்பது வீடுகள் சேர்ந்து வாங்கியது எங்கள் படகு. தரகர் வந்து அள்ளிக்கொண்டு போவதற்குப் பதில் நாமே விற்போம் என்று ஒன்பது தோட்டத்துப் பரங்கியையும் ஏற்றி எங்களை அனுப்பினார்கள். முதல் தடவை பாதிக் காயோடு திரும்பினோம். "இந்தத் தடவையும் போகலேன்னா படகை வித்துட்டு பஸ்ல வந்துடுங்க" என்று கீற்றையும் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று நாளில் விற்றது ஒரே ஒரு காய். நூடுல்ஸ் படகுக்காரி வாங்கினாள். அதையும் நீளக் காம்பாகப் பார்த்துப் பொறுக்கினாள்.

ஸாவ் அக்காவோடு எனக்கு முதல் நாளே ஆகவில்லை. அவள் படகு நடு ஆற்றில். எங்களுக்குக் கிடைத்த இடம் கரையோரம், இரண்டு பெரிய அன்னாசிப் படகுகளுக்குப் பின்னால்.

"உன் கழி குட்டையா இருக்குடி லுவா, உன் புருஷனாட்டம்" என்று அங்கிருந்தே சொன்னாள். நாலு படகு சிரித்தது.

எங்கள் வாய்க்காலில் பாலமெல்லாம் தாழ்வு. நீளக் கழி முட்டும் என்று இவர் அளந்து வெட்டியது அது. நான் விடுவேனா? "எங்க கழி எங்களுக்குப் போதும். உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

இப்போது பரங்கிக்காயைக் கட்டியிருக்கிறாள்.

"ஏன்க்கா, உங்க சர்க்கரைவள்ளி செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

அவள் ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "நீ ஏன்டி சும்மா உக்காந்திருக்க? தொண்டை இருக்குல்ல? பரங்கி, பரங்கின்னு கத்து" என்றாள்.

குத்தல் புரிந்தது. எங்கள் சந்தையில் யாரும் கூவ மாட்டார்கள். இத்தனை மோட்டார் சத்தத்தில் எவன் காதில் விழும்? கழிக்கு வக்கில்லாதவள் கத்துகிறாள் என்று நாலு படகும் மறுபடி சிரிக்க வேண்டும், அதற்குத்தான்.

"கத்தறேன், பாருங்க."

படகு முனையில் ஏறி நின்று வீம்புக்குக் கத்தினேன். நூவும் கூடவே "பா, பா" என்றாள்.

அரை மணியில் ஒரு படகு அன்னாசிகளுக்கு இடையில் புகுந்து வந்தது. நூறு காய் எடுத்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"பாத்தீங்களா என் தொண்டைய?"

"எனக்குத் தெரியாததா?" என்றார் தியன். "வீட்ல தினம் கேக்கறேனே."

சாயங்காலம் நானே வலியப் போய் வம்பிழுத்தேன். "உங்க பரங்கி எப்படிப் போகுதுக்கா?"

"ஒண்ணு கூடப் போகலடி."

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பிட்ட நூடுல்ஸ் மாதிரி அப்புறம் எங்கேயும் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் ஐந்து காய்தான் மிச்சம். ஒரு பெரியவர் சின்னத் துடுப்புப் படகில் வந்து சேர்ந்தார்.

"என் குரல் அங்க வரைக்கும் கேட்டுதா பெரியவரே?"

"கிட்ட வந்தப்புறம்தான் கேட்டுது. நடு ஆத்துல பரங்கி தொங்குச்சு, அங்கதான் போனேன். அந்தப் பொம்பள, 'எங்கிட்ட ஏது பரங்கி? அன்னாசிக்குப் பின்னாடி ஒருத்தி கத்திக்கிட்டிருப்பா, அந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே போ'ன்னுச்சு. ரெண்டு நாளா வர்றவனையெல்லாம் அப்படித்தான் அனுப்புதாம். இல்லாததைக் கட்டியிருக்கியேன்னு பாதிப் பேரு வஞ்சுட்டுப் போறான்."

நடு ஆற்றைப் பார்த்தேன். ஸாவ் அக்கா அந்தக் காயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நூடுல்ஸ் படகுக்காரி பொறுக்கிய அதே நீளக் காம்பு. எங்கள் காய்.

கூரையிலிருந்த கீற்றை உருவி ஆற்றில் விட்டேன்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றாள் ஸாவ் அக்கா அங்கிருந்து. "தொண்டை கட்டிக்கிச்சா?"